டைல்ஸில் வைத்த பொட்டு

கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகந்துக்கிறியாம்மா? சரி, போதும் போதும். இத மடியிலதான் வச்சுக்கணும். கீழ வச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்குச் சில்லுச் சில்லாப் போயிரும். பெரிய கனமெல்லாம் இல்ல, டைல்ஸ்தான். குளியலறைச் சுவத்துல ஒட்டுவோம்ல, அதே வெள்ளை டைல்ஸ். ஆனா இது லேசர்ல படம் வெட்டி, கலர் குடுத்தது. என் தம்பிக்குக் கொண்டு போறேன். இன்னைக்கு அவனுக்குப் பிறந்த நாள். அம்பது முடியுது.

இந்த சீட்டே அந்தக் கண்டக்டர் ஒருத்தன எழுப்பி விட்டுக் குடுத்ததுதான். சுத்தியிருந்த பேப்பர் காத்துல விலகிருச்சு, என் தம்பி முகத்தப் பாத்தாரு. பாத்த உடனே, "நீங்க உக்காருங்கம்மா, பாத்து"ன்னு அம்புட்டுப் பதவிசாச் சொன்னாரு. சிவகாசி பஸ்ல இப்படி ஒரு கண்டக்டரை நான் கண்டதே இல்ல. சில்லறை இல்லைன்னா நம்ம தலைமுறையவே இழுப்பாங்க. இன்னைக்குச் சகுனம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

நீ எதுவரைக்கும்? ராஜபாளையமா? நான் முன்னாடியே இறங்கிருவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுன உடனே தண்ணி டேங்க் ஸ்டாப்பு. அங்க இருந்து பாத்தாலே தம்பி வீட்டு மாடி தெரியும். நான் அந்த ஸ்டாப்புல இறங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா? ஆடியில அவன ஆஸ்பத்திரில பாத்தது. இப்ப மாசி. நடுவுல தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. பொங்கலுக்குப் பொறந்த வீட்டுப் படி வரலை. எங்க அம்மா போனதுக்கு அப்புறம், அரிசியும் வெல்லமும் பானையும் கரும்புமா, என் தம்பி கனகவேல் தோள்ல சுமந்துட்டு வந்து என் வாசல்ல இறக்கி வைப்பான். ஒரு வருசம் தப்புனதில்ல. இந்த வருசம் தெரு முக்குல ஆட்டோச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேற, "தம்பி இன்னும் வரலியா"ன்னு கேக்கா. அவளுக்கு அதுல ஒரு சந்தோசம்.

எல்லாம் ஒரு பொட்டால வந்தது. சிரிக்காத. மிளகு அளவு பொட்டு.

சொல்றேன் கேளு. நான் காலண்டர் அச்சாபீஸ்ல செக்கிங்ல இருந்தவ. அச்சடிச்சு வர்ற தாளைப் பாத்து, முருகனுக்கு உதட்டுச் சிவப்பு கன்னத்துல ஏறியிருக்கா, லட்சுமி பச்சைச் சேலை நீலத்துக்குப் போயிருக்கான்னு பாத்துப் பாத்துத் தள்ளணும். முதலாளியே, "இந்திராணி பாத்தாச்சா"ன்னு கேட்டுத்தான் கட்டுப் போடச் சொல்லுவாரு. கலரைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நீ பாத்திருப்பியே, சுவத்துல ஒட்டுன போஸ்டர் வெயில்ல கிடந்து கிடந்து நீலமாப் போயிரும்ல? அது ஏன்னு கேளு. சிவப்பும் மஞ்சளும் முதல்ல ஓடிரும். நீலமும் கருப்பும்தான் கடைசி வரைக்கும் நிக்கும். எங்க ஆபீஸ்ல பேக்கிங் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

தம்பி ஒரு வருசத்துக்கு முந்தி வீடு கட்டுனான். மில்லுல சூப்பர்வைசரு அவன். வாயைக் கட்டி வயித்தக் கட்டிக் கட்டுன வீடு. அவன் பொண்டாட்டி சியாமளாவும் கூட நின்னான்னு சொல்லுவாங்க. காலையிலயும் சாயங்காலமும் சுவருக்குத் தண்ணி ஊத்துனாளாம், சித்தாளுக்குச் சோறு ஆக்கிப் போட்டாளாம். தண்ணி ஊத்துறது ஒரு வேலையா? சரி, அத விடு.

பால் காய்ப்புக்கு நான் என்ன செய்யறது? பாத்திரம் பண்டம் எல்லாரும்தான் குடுப்பாங்க. அக்கா குடுத்ததுன்னு அந்த வீடு இருக்குற வரைக்கும் இருக்கணும். அப்பதான் எங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்குற லேசர் கடையைப் பாத்தேன். பெனிட்டான்னு ஒரு பொண்ணு வச்சிருக்கா. கெட்டிக்காரி. கீ செயின், வீட்டுப் பேரு, கல்லறைக்கு வைக்கிற டைல்ஸ், கடைத் திறப்புக் கல்வெட்டு, எல்லாம் வெட்டுவா. ஒரு பெட்டிக்குள்ள டைல்ஸை வச்சு மூடுனா, பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம் இங்கயும் அங்கயும் ஓடி, டைல்ஸோட பளபளப்பைச் சுரண்டி எடுத்துரும். சுரண்டுன இடம் சொரசொரன்னு இருக்கும். அதுல பேனாவால கலர் குடுக்கணும். காஞ்ச பொறகு ஸ்பிரிட்டுத் துணியால ஒரு துடை. பளபளப்பு மேல பட்டதெல்லாம் வந்துரும். வெட்டுன இடத்துல உள்ளது மட்டும் நிக்கும். எனக்கு அதப் பாத்த உடனே அப்படியே பிடிச்சுப் போச்சு.

தம்பியும் அவளும் சேந்து நிக்கிற படம், கீழ எங்க அம்மா பேருல வீட்டுப் பேரு. அவளுக்கு வேற பேரு வைக்கணும்னு ஆசையாம். நான் கேட்டுக்கிடல. போட்டோவுல அவ முன்னாடி நின்னா, தம்பி பாதி மறைஞ்சு நின்னான். பெனிட்டாகிட்டச் சொல்லி அவன முன்னாடி கொண்டாந்து அவளப் பின்னாடி வச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியுது இப்ப.

அப்புறம் பேனா. ரெண்டு வகை இருக்கு, தெரிஞ்சுக்கோ. ஒண்ணு சாதா மார்க்கர், கொரியர்காரன் பெட்டி மேல அட்ரஸ் எழுதுவான்ல அது. இன்னொண்ணு பெயின்ட் பேனா. குலுக்குனா உள்ள குண்டு கடகடன்னு சத்தம் போடும். சாதா மார்க்கர் எழுத லேசு, பளிச்சுன்னு இருக்கும், ஆனா ஸ்பிரிட்டுக்கும் வெயிலுக்கும் தாங்காது. பெயின்ட் பேனா அப்படி இல்ல, வெட்டுன இடத்துல காஞ்சுருச்சுன்னா எத வச்சுத் துடைச்சாலும் போகாது. பெனிட்டா உடைஞ்ச டைல்ஸ் துண்டு ஒண்ணுல எல்லாக் கலரையும் கோடு கோடாப் போட்டுக் காட்டுனா. நான் ஒரு நாள் பூரா அந்தக் கடையில உக்காந்திருந்தேன். தம்பி சட்டைக்கு அவ கிளிப்பச்சை எடுத்தா. கிளிப்பச்சையா, என் தம்பி என்ன கரகாட்டமா ஆடப் போறான்னு கேட்டேன். மயில் நீலம் எடுக்கச் சொன்னேன். மீசைக்குக் கருப்பு, அதுலயும் மெல்லிய முனை. வாட்ச்சுக்குத் தங்கக் கலர். எல்லாம் பெயின்ட் பேனா. சியாமளா சேலைக்கு அந்த நீலத்துலயே மிச்சம் இருந்தது போதும்னுட்டேன். எதுக்கு இன்னொண்ணு உடைக்கணும்?

கடைசியா அவ நெத்திப் பொட்டு.

இந்தா பாரு, என் நெத்தியப் பாரு. வெறும் நெத்தி. எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து இப்படித்தான். யாரும் வைக்காதன்னு கழுத்தப் பிடிக்கலை, ஆனா விசேச வீட்டுல குங்குமச் சிமிழை என்னத் தாண்டி அடுத்தவகிட்ட நீட்டும்போது கை கொஞ்சம் வேகமாப் போகும். அது எனக்குத் தெரியும்ல? என் தம்பி கல்யாணத்துல வந்தவங்களுக்கு எல்லாம் வாசல்ல நின்னு குங்குமம் குடுத்தவ நான்தான். அப்புறம் பால் காய்ப்புக்கு நான் அடுப்பாங்கரையில போயி நின்னுக்கிட்டேன். யாரும் சொல்லல, நானே போயி நின்னுக்கிட்டேன்.

பெனிட்டா வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. "அம்மா, பொட்டு மட்டும் இருக்கு, நீங்க வேணா வைங்களேன்"னு சொல்லிட்டா. "சிவப்பு பெயின்ட் பேனா புதுசு உடைக்கணும், முனையில மை ஊற அஞ்சு நிமிசம் ஆகும், இருங்க"ன்னா. அஞ்சு நிமிசம்கூட எனக்குப் பொறுக்கலை. என் பையில எப்பவும் ஒரு சிவப்பு மார்க்கர் கிடக்கும், கட்டு மேல நம்பர் போடறது. அத எடுத்தேன். "அது வெயில்ல நிக்காதும்மா"ன்னு அவ சொன்னா. ஒரு மிளகு அளவு இடத்துக்குப் போயி புதுப் பேனா உடைக்கிறதாக்கும்னு சொல்லிட்டு, நானே வச்சேன். வட்டமா, அழகா, ஒரு பிசிறு இல்லாம. வச்சுட்டு அழுதுட்டேன். அவ தண்ணி குடுத்தா.

பால் காய்ப்பு அன்னைக்கு அத கேட்டுக்குப் பக்கத்துல பதிச்சாங்க. எல்லாரும் பாத்து அசந்து போனாங்க. என் தம்பி, "அக்கா, என்னய விட என் மீசை நல்லா இருக்கு"ன்னான். சியாமளாகூட டைல்ஸைத் தடவிப் பாத்து, "என்னயப் பின்னாடி நிறுத்திட்டீங்களே மதினி"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே ஊசி ஏத்துவா அவ.

மேற்குப் பாத்த வாசல். சித்திரை வெயில் மத்தியானத்துல இருந்து நேரா அதுலதான் அடிக்கும். வைகாசி கடைசியில நான் போயிருந்தப்ப, எதுத்த வீட்டுக்காரி கேட்டுல நின்னுக்கிட்டு, "என்ன சியாமளா, உன் படத்துல பொட்டைக் காணோம்"னு கேக்கா. போயிப் பாத்தா, ஆமா. தம்பி சட்டை நீலம் அப்படியே இருக்கு, மீசை இருக்கு, வாட்ச்சு மின்னுது. அவ நெத்தியில மட்டும் வெள்ளையா ஒரு வட்டம். சிவப்பு இப்படி ஓடும்னு நான் கண்டனா, சொல்லு? எனக்கு எப்படித் தெரியும்?

அது போனாப் போகுதுன்னு விட்டிருக்கலாம். ஆடியில தம்பிக்கு நெஞ்சு வலி. மில்லுல இருந்து அப்படியே மதுரைக்குத் தூக்கிட்டுப் போயி ஆபரேசன். நான் அழுதுக்கிட்டே ஓடுறேன். வராண்டாவுல சியாமளா உக்காந்திருக்கா. தலை கலைஞ்சு, சேலை கசங்கி, நெத்தியில மட்டும் பெருசாப் பொட்டு. என்னப் பாத்து என்ன கேட்டா தெரியுமா? "மதினி, மத்த எல்லாத்துக்கும் நல்ல பேனாவாப் பாத்துப் பாத்துப் போட்டீங்க. என் பொட்டுக்கு மட்டும் ஏன் மதினி அப்படிப் பண்ணீங்க?"

கேட்டியா? பேனாவச் சொல்ற மாதிரி என் கையச் சொல்றா. தாலி அறுத்தவ கையால பொட்டு வச்சதால என் புருசன் படுத்துட்டான்னு சொல்றா. நேரா அப்படிச் சொல்லலைதான். ஆனா வேற என்ன அர்த்தம்? பேனாவுக்காகவா ஒருத்தி ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சுக் கேப்பா? நானும் விடலை. "என் கையில என்னடி குத்தம், உன் ராசி எப்படியோ"ன்னுட்டேன். நாலு பேரு பாக்கத்தான் சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

தம்பி வீட்டுக்கு வந்த பொறகு போன் பண்ணான். "அக்கா, நீ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லு, போதும்"னான். நான் எதுக்குச் சொல்லணும்? நான் என்ன தெரிஞ்சா பண்ணேன்? "அப்பன்னா கொஞ்ச நாளைக்கு வராதக்கா"ன்னான். எடுத்து வளத்த தம்பி. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போனா இவன இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ நான். வராதக்காங்கறான்.

இன்னொண்ணு கேளு. அவ தினமும் காலையில கோலம் போட்டு முடிச்ச கையோட, அந்த டைல்ஸ்ல அந்த வெள்ளை வட்டத்துல குங்குமம் எடுத்து வைக்கிறாளாம். காத்துலயும் மழையிலயும் போயிருமாம், மறுநாள் மறுபடியும் வைப்பாளாம். எதுத்த வீட்டுக்காரிதான் போன்ல சொன்னா. எதுக்கு? ஊரு பாக்கணும், என்னய அசிங்கப்படுத்தணும். புதுசா ஒரு பேனா வாங்கி வச்சா முடிஞ்சு போச்சு. என்கிட்ட ஒரு போன் அடிச்சிருந்தா நானே கொண்டு போயிக் குடுத்திருப்பேன்.

ராத்திரி படுத்தா எனக்குத் தூக்கம் இல்லம்மா. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. சில நேரம் பேனாதான்னு தோணும். பேனான்னா, அத எடுத்தது நான். சில நேரம் கைதான்னு தோணும். கைன்னா, அப்ப நான் தொட்டது எல்லாமே இப்படித்தான் போகுமா? என் தம்பியத் தொட்டுத்தானே வளத்தேன்? அப்படியே கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அதான் இந்தப் பிறந்த நாளுக்கு ஒரு முடிவு எடுத்தேன். அவ படமே வேண்டாம். அவ படம் இருந்தாத்தானே பொட்டு, பொட்டு இருந்தாத்தானே பிரச்சினை? என் தம்பி மட்டும் தனியா. பழசைக் கழட்டிட்டு இத மாட்டிரட்டும். போன வாரம் பெனிட்டா கடைக்குப் போனேன். அந்தக் கடைச் சுவத்துல ஒரு பெரியவர் டைல்ஸ் தொங்குச்சு, நீள வட்டத்துக்குள்ள முகம், சுத்தி பூ, கீழ பேரு. எங்க காலண்டர்ல சாமிக்குப் போடுவோம் பாரு, அதே அமைப்பு. "இதே மாதிரி என் தம்பிக்குப் போடு"ன்னேன். பெனிட்டா, "இந்த மாடலாம்மா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். ஒரு மாதிரி என்னயப் பாத்துட்டு, ஓடிக்கிட்டிருந்த பாட்டை நிறுத்திட்டா. "உங்க தம்பியாம்மா? போன தடவை ஜோடியாப் போட்டோமே, அவரா?" ஆமான்னேன். "எதிர்பாராமலாம்மா?"ன்னா. ஆமாம்மா, திடீர்னு நெஞ்சு வலின்னு தூக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லும்போதே முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைச்சுக்கிட்டேன். அவ எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. டீ வரவழைச்சுக் குடுத்தா. எங்க அப்பாவுக்கும் இப்படித்தாம்மான்னா. இப்ப எப்படிம்மா இருக்காருன்னு நான் கேக்கறதுக்குள்ள அவ மெஷினைப் போட்டுட்டா.

நல்ல பொண்ணு, மரியாதை தெரிஞ்ச பொண்ணு. பிறந்த தேதி குடுத்தேன். "இன்னொரு தேதிம்மா?"ன்னு மெதுவாக் கேட்டா. கல்யாணத் தேதியைக் கேக்கா போலன்னு, "அதெல்லாம் வேண்டாம், இது ஒண்ணு மட்டும் போதும்"னுட்டேன்.

இந்தத் தடவை பேனா விசயத்துல நான் ஏமாறத் தயாரா இல்ல. எல்லாமே பெயின்ட் பேனா. சாதா மார்க்கர் ஒண்ணு மேசையில கிடந்ததக்கூட எடுத்து உள்ள வைக்கச் சொல்லிட்டேன். சுத்தி செவ்வந்தி மாலைக்கு மஞ்சள், அதுல நிழலுக்குக் கொஞ்சம் காவி. கீழ ஒரு குத்துவிளக்கு போடச் சொன்னேன், அவன் வீட்டுல விளக்கு எரியணும்ல? சுடருக்கு ஆரஞ்சு. அப்புறம் அவன் நெத்தியில ஒரு குங்குமப் பொட்டு. அந்த வீட்டுல ஒரு பொட்டு போச்சுன்னுதானே சண்டை, இந்தப் பொட்டு போகவே கூடாதுன்னு நினைச்சேன். சிவப்பு புதுசு உடைச்சு, ஊற வச்சு, ரெண்டு தடவை குடுக்கச் சொன்னேன். நான் கை வைக்கலை. பெனிட்டாதான் வச்சா. காஞ்ச பொறகு ஸ்பிரிட்டு வச்சுத் துடைச்சுக் காமின்னேன். துடைச்சா. இம்மி போகலை. ஆணி வச்சுச் சுரண்டுனாத்தாம்மா உண்டுன்னா. அப்பதான் எனக்கு மனசு நிறைஞ்சுச்சு.

இன்னைக்குக் காலையில அதிசயமா சியாமளாவே போன் பண்ணா. "மதினி, இன்னைக்கு அவுகளுக்குப் பிறந்த நாள். நீங்க வந்துருங்க. பழசெல்லாம் விடுங்க. டாக்டர் நல்லா இருக்கார்னுட்டாரு. ஒண்ணும் கொண்டு வராதீங்க, வெறுங்கையோட வாங்க, அது போதும்"னா. கேட்டியா, வெறுங்கையோட வாங்கன்னா என்ன அர்த்தம்? நீ குடுத்தது போதும்னுதானே? இந்தா, கொண்டு போறேன்ல. பாத்துட்டு அவ வாயடைச்சுப் போகணும்.

இரு, காட்டறேன். பேப்பரை நீ அந்தப் பக்கம் பிடி. கயிறு மட்டும் அவுக்கறேன். எப்படி இருக்கு? என் தம்பி. சிரிச்ச முகம். மஞ்சள் எப்படி நிக்குது பாரு.

ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? நல்லா இல்லையா?

என்ன கேட்ட? சரியாக் கேக்கலை, பஸ் சத்தம்.

எப்பத் தவறினாரா?

யாரு? என் தம்பியா? உன் வாய்ல என்ன வச்சிருக்க? படிச்ச பிள்ளை மாதிரி இருக்க, பேசறதப் பாரு. காலையில கூட அவன் பேச்சுச் சத்தம் போன்ல பின்னாடி கேட்டுச்சு, காப்பிக்குச் சீனி போடாதன்னு பொண்டாட்டியச் சத்தம் போட்டுக்கிட்டிருந்தான். தவறினானாம்ல. இது காலண்டர் அமைப்பு. முருகனுக்குப் போடுவோம், பிள்ளையாருக்குப் போடுவோம். சுத்தி மாலை, கீழ விளக்கு, நெத்தியில...

இரு. நெத்தியில பொட்டு.

அடிப்பாவி. தனியா ஒரு முகம். மாலை. விளக்கு. போட்டோ மேல வச்ச பொட்டு. பேருக்குக் கீழ ஒரு தேதி, பக்கத்துல இடம் விட்டு. அதான் இன்னொரு தேதி கேட்டாளா? அதான் டீ வாங்கிக் குடுத்தாளா? அந்தக் கண்டக்டர்... அய்யோ, எங்க வீட்டுக்காரரு படம் என் வீட்டுல இப்படித்தானம்மா தொங்குது. தினமும் பாக்கறேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நான் செக்கிங்ல இருந்தவ.

அந்தப் பையில தொங்குதே, கைக்குத் தடவறது, ஸ்பிரிட்டுதானே? குடும்மா, கொஞ்சம் குடு. ஊத்து, இந்த முந்தானையில ஊத்து. பொட்டு மட்டும் போனாப் போதும். பொட்டையும் விளக்கையும் எடுத்துட்டா, சும்மா படமாயிரும், மாலை பூவாயிரும். போக மாட்டேங்குது. பாரு, துடைக்கத் துடைக்க இன்னும் பளிச்சுன்னு ஆகுது. நான்தானே கேட்டு வாங்குனேன், போகாத பேனா. உன்கிட்டக் கத்தி கித்தி இருக்கா? இல்ல வேண்டாம், வேண்டாம், என் தம்பி முகத்துல நான் கத்தி வைக்கறதா?

இத நான் என்ன செய்வேன்? கொண்டு போயிக் குடுக்க முடியாது. உடைக்கவும் முடியாது, உசுரோட இருக்குறவன் முகத்த எந்தக் கையால உடைப்பேன்? பஸ்ல விட்டுட்டு இறங்கவா, நாளைக்கு எவன் கால்ல மிதிபடும்? நீ வச்சுக்கிறியா? நீ ஏன் வச்சுக்கப் போற, நீயே கையை எடுத்துக்கிட்ட. நான் பாத்தேன். உன்னயக் குத்தம் சொல்லலம்மா. நானா இருந்தாலும் எடுத்துருப்பேன்.

வெறுங்கையோட வாங்கன்னு சொன்னா. அவ நெசமாவே அதத்தான் சொன்னா. ஆஸ்பத்திரியிலயும் பேனாவத்தான் கேட்டிருக்கா.

தண்ணி டேங்க் வந்துருச்சா? நம்ம பஸ்ஸா நிக்குது? அங்க பாரு, மரத்தடியில, மாம்பழக் கலர் சேலை, அவதான் சியாமளா. கூப்பிட வந்திருக்கா. வெயிலுக்குக் குடை பிடிச்சிருக்கா. கக்கத்துல விரிக்காம இன்னொரு குடை வச்சிருக்கா, பாத்தியா? அது எனக்கு.

நீ கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காரு தாயி, என் முகம் தெரியக் கூடாது. கண்டக்டர் தம்பி, விசில் குடுங்க. இல்ல, நான் இறங்கலை. ராஜபாளையத்துக்கு ஒண்ணு போடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, போடுங்க.

அவ ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாக்கா, இல்ல? நான் குனிஞ்சுட்டேன், எனக்குத் தெரியலை. பஸ் நகருதா? என் போன்தான் அடிக்குது. அடிக்கட்டும்.

நீ அவ முகத்தப் பாத்தேல்ல? நெத்தியில பொட்டு இருந்துச்சா? நல்லாப் பாத்தியாம்மா? இருந்துச்சுல்ல?